ஞாபகமற்ற சர்வரின் சரித்திரம்

ஒரு கணினியிலுள்ள கோப்புகளை மற்றொரு கணினி தன் சொந்த டிஸ்கில் இருப்பவை போலவே எடுத்து ஆளும் வசதி இன்று எந்தச் சர்வர் அறையிலும் சாமானியமாகிவிட்டதால், அது எப்படி ஏற்பட்டது என்று விசாரிப்பவர் அரிதாகிவிட்டனர். தடையின்றி நடக்கிற வரையில் விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லைதான். ஆனால் ஒரு மின்தடைக்குப் பிறகு, ஒரே க்ளஸ்டரைச் சேர்ந்த சர்வர்களில் பெரும்பான்மை ஒழுங்காக எழுந்து வேலையைத் தொடங்கிவிட, மூன்று மாத்திரம் பொதுக் கோப்பகத்தை மவுண்ட் செய்யாமல் பிடிவாதமாக நின்று, ஒன்று ‘அனுமதி இல்லை’ என்றும், மற்றொன்று ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்றும் சொல்ல, மூன்றாவது ஒன்றுமே சொல்லாமல் உறைந்து கிடக்கிறபோது, அவற்றின் முன் உட்கார்ந்திருக்கும் நிர்வாகிக்கு இந்த வசதியின் பூர்வ சரித்திரத்தைக் காட்டிலும் பிரயோஜனமான சாஸ்திரம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தச் செய்திகளில் எதுவும் தற்செயலாக முளைத்ததன்று. 40 ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் சில எஞ்சினியர்கள், தக்க காரணங்களோடு, ஒரே கேள்விக்கு அளித்த இரு வேறு விடைகளின் சந்ததிகளே அவை. கோப்புகளைக் கொடுக்கிற கணினி, அவற்றை வாங்குகிறவர்களை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்தக் கேள்வி.

மவுண்ட் என்ற கட்டளை, யூனிக்ஸின் முதற் கையேடு வெளிவந்த 1971-ஆம் ஆண்டிலேயே அதில் இடம்பெற்றிருக்கிறது. அக்காலத்து டிஸ்குகளில் பல, கழற்றி மாட்டக்கூடிய வட்டுப் பேழைகளாக இருந்தன. ஆபரேட்டர் ஒரு பேழையை அலமாரியிலிருந்து எடுத்து, இயந்திரத்தில் பொருத்தி, சுழலவிட்டு, அதன்பின் அதிலுள்ள கோப்புகளை இன்ன கோப்பகத்தின் கீழ் காட்டும்படி கெர்னலுக்குக் கட்டளையிடுவார். பேழை ஒன்று, அதை ஆளும் கணினியும் ஒன்று. அந்தக் கணினியைத் தவிர வேறெவரும் அந்த டிஸ்கில் எழுதமாட்டார்கள் என்பது சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட நிபந்தனை. அந்த நிபந்தனையை நம்பியே கெர்னல், டிஸ்கில் எழுத வேண்டியதைச் சிறிது நேரம் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சாவகாசமாக எழுதக் கற்றுக்கொண்டது. இந்தப் பழங்காலத்தின் அடையாளம் இன்றைக்கும் அழியவில்லை. லினக்ஸ் சர்வர் ஒன்றில், நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் எனப்படும் என்.எஃப்.எஸ்.ஸின் துணைநிரல்களை நிறுவ மறந்துவிட்டு, நெட்வொர்க்கின் மறுமுனையிலுள்ள கோப்பகத்தை மவுண்ட் செய்ய முயல்கிறவருக்கு, ஃபைல் சிஸ்டத்தின் வகை தவறு, அல்லது சூப்பர் பிளாக் கெட்டுப்போயிருக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். கெட்டுப்போக அங்கே சூப்பர் பிளாக்கே கிடையாது. சொந்த டிஸ்கை மாத்திரம் அறிந்திருந்த ஒரு கட்டளை, தனக்குப் பழக்கமான வார்த்தைகளில் பேசுகிறது, அவ்வளவே; டிஸ்கைப் பரிசோதிக்கப் புறப்படாமல், விடுபட்ட பேக்கேஜை நிறுவினால் காரியம் முடிந்துவிடும்.

1982-இல் கலிபோர்னியாவில் ஸ்தாபிதமான சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஒவ்வொரு எஞ்சினியரின் மேசைமேலும் ஒரு யூனிக்ஸ் கணினியை வைப்பதையே தன் வியாபாரமாகக் கொண்டது. டிஸ்க் அப்போது விலை மிகுந்த பண்டம். மேசைக்கொரு டிஸ்க் என்பது பல ஸ்தாபனங்களுக்குக் கட்டுப்படியாகாத செலவு. ஆகையால் டிஸ்கே இல்லாத ஒர்க்ஸ்டேஷன்களைச் செய்து, அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சர்வரின் டிஸ்கை ஈதர்நெட் வழியாகப் பகிர்ந்தளிக்கும் யோசனை எழுந்தது. பகிர்ந்தளிக்கும் முயற்சியில் சன் முதலாவதுமன்று. இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தார் 1982-லேயே பல யூனிக்ஸ் கணினிகளை ஒரே கோப்பு மரமாகக் காட்டும் நியூகாஸில் கனெக்‌ஷனை வெளியிட்டிருந்தார்கள், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோகஸ் என்ற சிஸ்டம் உருவாகியிருந்தது, ஏ.டி.அண்ட்.டி. நிறுவனமும் சில ஆண்டுகளில் ஆர்.எஃப்.எஸ். என்ற தன் முறையைக் கொண்டுவந்தது. சன்னின் விடையாகிய என்.எஃப்.எஸ். இவற்றையெல்லாம் பின்தள்ளி நிலைத்ததற்கு, அது மற்றவற்றைவிடக் குறைவாக வாக்களித்ததே பிரதான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரஸல் சாண்ட்பர்க், டேவிட் கோல்ட்பர்க், ஸ்டீவ் கிளைமன், டான் வால்ஷ், பாப் லியான் ஆகிய ஐவர் 1984-இல் இந்த வேலையில் இறங்கி, 1985-ஆம் ஆண்டுக் கோடையில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் தங்கள் கட்டுரையைச் சமர்ப்பித்தார்கள். சொந்த டிஸ்கின் வேகத்தில் 80 சதவிகிதமாவது கிடைக்க வேண்டும், எந்த இயந்திரத்துக்கும் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பொருந்த வேண்டும், சர்வர் விழுந்து எழுந்தால் தொல்லையின்றி மீள வேண்டும் என்பவை அவர்கள் வகுத்துக்கொண்ட லட்சியங்கள். மூன்றாவது லட்சியத்தின் பொருட்டே, சர்வர் தன் கிளையன்டுகளைப் பற்றி எதையும் ஞாபகம் வைக்கக் கூடாது என்ற தீர்மானத்துக்கு வந்தார்கள். கடன் கணக்கு என்ற ஏடே வைக்காமல், வருகிறவர் ஒவ்வொரு முறையும் தமக்கு வேண்டியதை முழுவதும் எழுதிக் கொண்டுவந்து ரொக்கத்துக்கு வாங்கிப் போகும்படி வைத்திருக்கும் கடைக்காரர், கடையை நடுப்பகலில் சாத்தி மாலையில் திறந்தாலும் யாருக்கும் எந்தக் கணக்கும் தவறுவதில்லை. அப்படியே, என்.எஃப்.எஸ். சர்வருக்குக் கோப்பைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. இன்ன கோப்பில், இன்ன இடத்திலிருந்து, இத்தனை பைட்டுகள் வேண்டும் என்ற பூரணமான கேள்வியும் அதற்கொரு விடையும் மாத்திரமே உண்டு. சர்வர் நடுவில் மாண்டு மறுபடி எழுந்தால், கிளையன்ட் அதே கேள்வியை மறுபடி கேட்கும். கேட்பதற்கு எல்லையும் வைக்கவில்லை.

இந்தப் பூரணமான கேள்வியைக் கேட்பதற்குக் கோப்பை இன்னதென்று சுட்டும் ஓர் அடையாளம் வேண்டுமல்லவா? அதுதான் ஃபைல் ஹேண்டில். என்.எஃப்.எஸ்.ஸின் இரண்டாம் பதிப்பில் அது 32 பைட்டுகள். கிளையன்டுக்கு அதன் உட்பொருள் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சர்வர் கொடுத்ததை அப்படியே திருப்பிக் காட்டுவதே அதன் கடமை. சர்வரின் கண்ணுக்கு அதில் பிரதானமாக மூன்று விஷயங்கள் உண்டு: எந்த ஃபைல் சிஸ்டம், அதில் எத்தனையாவது ஐநோட் (கோப்பின் விவரப் பதிவு), அந்த ஐநோட்டின் எத்தனையாவது பிறவி. மூன்றாவது எண்ணைச் சன் எஞ்சினியர்கள் இந்தக் காரியத்துக்கென்றே யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் அதன் ஐநோட் எண் மற்றொரு கோப்புக்குப் போய்விடும். பழைய ஹேண்டிலை வைத்திருக்கும் கிளையன்ட், தான் நம்பிய கோப்பென்று எண்ணிப் பிறருடைய கோப்பில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, எண் கைமாறும்போதெல்லாம் பிறவி எண் ஒன்று கூடும். பொருந்தாத ஹேண்டிலோடு வருகிறவருக்கு ‘ஸ்டேல்’ என்ற பதில் கிடைக்கும். ஆகவே நிர்வாகிகள் சபித்துக்கொண்டே வாசிக்கிற அந்தச் செய்தி, பிறர் கோப்பு நாசமாகாமல் காப்பதற்காக ஏற்பட்ட காவல் என்பதை மறக்கக் கூடாது.

கோப்பு அழிந்ததால் மாத்திரம் அந்தச் செய்தி வருவதன்று. சர்வரில் பழைய டிஸ்கை எடுத்துவிட்டு, பேக்கப்பிலிருந்து அதே பெயர்களோடு அதே கோப்புகளைப் புது டிஸ்கில் நிரப்பி வைத்தால், மனிதர் கண்ணுக்கு எல்லாம் பழையபடியே இருக்கும். ஐநோட்டுகளோ முற்றும் வேறு. ரீபூட்டுக்குப் பின் டிஸ்குகளின் வரிசை மாறி, டிவைஸ் எண் வேறாகிவிட்டாலும், அந்த எண்ணைக் கொண்டு ஃபைல் சிஸ்டத்தை அடையாளம் காணும் சர்வர், முன்பு தானே கொடுத்த ஹேண்டிலை அறியாமற் போகும். கோப்பகம் அங்கேயே இருக்க, பெயரும் மாறாதிருக்க, கிளையன்டில் மாத்திரம் எல்லாம் பழசாகிப்போகும் அதிசயத்துக்கு இதுவே காரணம். அந்தக் கோப்பகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் கண்டு நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, திரும்ப மவுண்ட் செய்வதைத் தவிரக் கிளையன்டில் வேறு சிகிச்சை இல்லை. மூலத்தைத் தீர்க்க வேண்டுமானால் சர்வரில் அந்த ஃபைல் சிஸ்டத்துக்கு மாறாத எண் ஒன்றை நாமே எழுதி வைக்க வேண்டும்.

இனி மௌனத்துக்கு வருவோம். எல்லையின்றிக் கேட்டுக்கொண்டேயிருக்கும் வழக்கத்துக்கு ஹார்டு மவுண்ட் என்று பெயர். சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று ஒரு முறை திரையில் எழுதிவிட்டு, கிளையன்ட் காத்திருக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் நிர்வாகி டிஸ்கில் இடம் எவ்வளவு மீதியிருக்கிறது என்று பார்க்க டி.எஃப். கட்டளையைத் தட்டுவார்; அது மவுண்ட் ஆகியிருக்கும் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்தையும் விசாரித்துக்கொண்டே போய், இறந்த சர்வரின் கோப்பகத்தில் அகப்பட்டுக்கொள்ளும். கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் திரை அசையாது. வேறொரு ஜன்னலைத் திறந்து பி.எஸ். கட்டளையால் பார்த்தால், டி.எஃப்.-க்கு எதிரே டி என்ற எழுத்து தெரியும். எழுப்ப முடியாத நித்திரை என்று அர்த்தம். லினக்ஸில் அப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் லோடு கணக்கில் சேர்வதால், பிராசஸர் சும்மாயிருக்க, லோடு மாத்திரம் நூறைத் தாண்டிப் போகும் விசித்திரமும் உண்டு. லினக்ஸ் கெர்னல் 2.6.25 வெளிவந்த 2008-க்குப் பிறகுதான், மவுண்டின்போது தனிச் சலுகை கேளாதவர்களுக்கும், அத்தகைய புரோகிராமைக் கில் கட்டளையின் ஒன்பதாம் எண்ணாலாவது முடிக்க வழி பிறந்தது. அனுபவசாலிகள் இந்தச் சந்தர்ப்பத்தில் டி.எஃப்.-ஐத் தொடுவதேயில்லை, கெர்னல் தன்னிடமே வைத்திருக்கும் மவுண்ட் பட்டியலை, சர்வரை எழுப்பாமல், புரோக் கோப்பகத்திலிருந்து வாசித்துக்கொள்வார்கள்.

காத்திருக்கப் பொறுக்காதவர்களுக்காகச் சாஃப்ட் மவுண்ட் என்ற மாற்று வழியும் ஆதியிலேயே தரப்பட்டது. சில முறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிழை என்று கைவிடுவது அதன் முறை. பார்வைக்கு இது புத்திசாலித்தனமாகத் தோன்றினாலும், எழுதும்போது வரும் பிழையைக் கவனிக்காத புரோகிராம்கள் உலகத்தில் ஏராளமாதலால், கோப்பு பாதி எழுதப்பட்டு மீதி காற்றில் போய்விடும் அபாயம் அதில் இருக்கிறது. வாசிக்க மாத்திரமான கோப்பகங்களுக்கு அது தகும். எழுதுகிற கோப்பகத்துக்குத் தகாது என்பதில் எனக்குச் சந்தேகம் சிறிதும் இல்லை. உறைந்து நிற்கும் கணினி மனிதருக்கு எரிச்சலைத் தரும். ஆனால் அது யாருடைய வேலையையும் பொய்யாக்குவதில்லை.

‘அனுமதி இல்லை’ என்ற செய்தியின் பூர்வோத்தரம் வேறு. கோப்புகளைக் கொடுக்கும் புரோட்டோகால் என்ற நெறியையும், முதன்முதலில் வாசலில் விசாரித்து உள்ளே விடும் நெறியையும் சன் எஞ்சினியர்கள் வேண்டுமென்றே தனித்தனியாக வைத்தார்கள். யாரை உள்ளே விடுவது என்ற சோதனை முறை காலத்துக்குக் காலம் மாறக்கூடுமாதலால், அதை மாற்றும்போது கோப்பு நெறியைத் தொட வேண்டியிராதபடி இருக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. அதன்படி மவுண்ட்-டி என்ற தனிச் சேவை ஏற்பட்டது. கோப்புச் சேவைக்கு 2049 என்ற போர்ட் நிலைபெற்றது. மவுண்ட்-டியோ எந்தப் போர்ட் கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்துகொண்டு, 111-ஆம் போர்ட்டிலிருக்கும் போர்ட் மேப்பரிடம் தன் இருப்பிடத்தைப் பதிந்துவைக்கும். எல்லாரும் எல்லாரையும் நம்பிய 1985-இன் நெட்வொர்க்கில் இது அழகான யுக்தி. ஃபயர்வால்கள் பரவிய பிற்காலத்தில் இதுவே தீராத வழக்காயிற்று: 2049-ஐத் திறந்துவிட்டு, காரியம் முடிந்தது என்று நிர்வாகி எண்ணியிருக்க, மவுண்ட்-டி ஒவ்வொரு ரீபூட்டுக்கும் வெவ்வேறு போர்ட்டில் எழுந்து, நேற்று மவுண்ட் ஆன கோப்பகம் இன்று ‘டைம்டு அவுட்’ என்று நிற்கும். ஆர்.பி.சி.இன்ஃபோ கட்டளையால் போர்ட் மேப்பரின் பதிவேட்டையும், ஷோமவுண்ட் கட்டளையால் மவுண்ட்-டியின் பட்டியலையும் பார்ப்பதை இந்தத் தொழிலின் முதற் பாடமாக வைத்திருப்பது இதனால்தான்; முந்தையது பேசிப் பிந்தையது பேசாவிட்டால், தடை எங்கே என்பது வெட்டவெளிச்சம்.

மவுண்ட்-டி உண்மையாகவே மறுக்கும் சந்தர்ப்பங்களில், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திருத்திவிட்டு எக்ஸ்போர்ட்எஃப்.எஸ். கட்டளையை இயக்க மறப்பது சகஜம்; கிளையன்டின் ஐ.பி. முகவரிக்கு டி.என்.எஸ். சொல்லும் பெயரும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எழுதிய பெயரும் வேறுபடுவதும் சகஜம். இவற்றைவிட நுட்பமானது ஓர் இடைவெளி. லினக்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயரையும் அதற்குரிய சலுகைகள் அடங்கிய அடைப்புக்குறியையும் சேர்த்தே எழுத வேண்டும். நடுவில் தெரியாமல் ஓர் இடம் விட்டுவிட்டால், பெயர் சொல்லப்பட்ட கணினிக்குச் சாதாரண உரிமை மாத்திரம் கிடைத்து, அடைப்புக்குள் எழுதிய எழுதும் உரிமை ஊரிலுள்ள மற்றெல்லாக் கணினிகளுக்கும் போய்விடும். மவுண்ட் ஆகிவிடுகிறதே, எழுத மாத்திரம் ஏன் முடியவில்லை என்று கிளையன்டில் தேடுகிறவர், சர்வரின் அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது நலம்.

1989-இல் பகிரங்கமாகப் பதிப்பிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பின் நெறி பெரும்பாலும் யூ.டி.பி.யின்மேல் நடந்தது. 8 கிலோபைட் கட்டு ஒன்று ஈதர்நெட்டில் ஆறு துண்டுகளாகப் போகும். ஆறில் ஒன்று வழியில் தொலைந்தாலும் ஆறையும் மறுபடி அனுப்ப வேண்டும். சிறு கோப்பகங்கள் சரியாகத் திறந்து, பெரிய கோப்புகள் மாத்திரம் தொங்கிப்போன அக்காலத்து வழக்குகளுக்கு இதுவே மூலம். 1995-இல் மூன்றாம் பதிப்பும் அதோடு டி.சி.பி.யும் பரவிய பின் இந்த நோய் அநேகமாக ஒழிந்தது.

ஞாபகம் வேண்டாம் என்ற விரதம் ஓரிடத்தில் செல்லவில்லை. ஒரு கோப்பை ஒருவர் பூட்டிவைத்தால், பூட்டியவர் யார் என்பதை யாராவது நினைவில் வைத்துத்தானே ஆக வேண்டும்? சன் அதற்கென லாக்-டி, ஸ்டாட்-டி என்ற இரு சேவைகளை என்.எஃப்.எஸ்.ஸுக்கு வெளியே சேர்த்தது. பூட்டுக்காரர்களின் பெயர்களை ஸ்டாட்-டி டிஸ்கில் எழுதிவைத்து, சர்வர் விழுந்து எழுந்ததும் ஒவ்வொருவருக்கும், நான் மறுபிறவி எடுத்துவிட்டேன், உங்கள் பூட்டைத் திரும்பக் கோருங்கள் என்று அறிவிக்கும். அறிவிப்பு ஃபயர்வாலில் தடைபட்டாலும், பெயர் மாறிப் போனாலும், போட்டவர் மறைந்த பின் பூட்டு மாத்திரம் மிஞ்சும். என்.எஃப்.எஸ். வரலாற்றில் இதைப்போல் மனம் நிறையாத பகுதி வேறொன்றில்லை என்பேன்.

இதே ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஐ.பி.எம். உதவியோடு, ஆண்ட்ரூ என்ற திட்டத்தை நடத்திற்று. அதன் ஃபைல் சிஸ்டத்தை வகுத்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன், சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டமும் மேற்பட்டமும் பெற்று அங்கே சென்றவர். ஆயிரக்கணக்கான ஒர்க்ஸ்டேஷன்களை உத்தேசித்த அவர்கள், சர்வர் ஓரளவு ஞாபகம் வைத்திருப்பதே மேல் என்று கண்டார்கள். கிளையன்ட் கோப்பைத் தன் டிஸ்கில் பிரதி செய்துகொள்ளும். அந்தக் கோப்பை வேறொருவர் மாற்றினால் தெரிவிப்பதாகச் சர்வர் வாக்களிக்கும். அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமான ஒன்றும் அவர்கள் செய்தார்கள். என்.எஃப்.எஸ்.ஸில் எந்தக் கோப்பகத்தை எங்கே மாட்டுவது என்பது கிளையன்டுக்குக் கிளையன்ட் வேறுபடும். ஒரு சர்வரில் டேட்டா என்ற பெயரிலிருப்பது பக்கத்துச் சர்வரில் வேறு பெயரிலிருக்கும், அல்லது மாட்டவே மறந்திருப்பார்கள். ஆண்ட்ரூவில் மாட்டுமிடங்களே பொதுக் கோப்பு மரத்தினுள் சேமிக்கப்பட்டதால், எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் மரம் ஒன்றே. என்.எஃப்.எஸ். உலகம் இந்தக் குறையை ஆட்டோமவுண்டரால் பிற்பாடு ஒருவாறு தீர்த்துக்கொண்டது.

ஞாபகத்தையே அஸ்திவாரமாகக் கொண்ட மறு பரம்பரை, மாசசூசெட்ஸின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983-இல் அறிவித்த வாக்ஸ்க்ளஸ்டரில் தொடங்குகிறது. ஸ்டார் கப்ளர் என்ற மையப் பெட்டியைச் சுற்றி 16 நோடுகள் வரை, வினாடிக்கு 70 மெகாபிட் வேகமுள்ள கேபிள்களால் இணைந்திருக்கும். டிஸ்குகள் எல்லாருக்கும் பொது. எவரும் எந்தக் கோப்பிலும் எழுதலாம். பழைய யூனிக்ஸ் கெர்னல் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்த நிபந்தனையை இங்கே முற்றிலும் நீக்கிவிட்டு, அதன் ஸ்தானத்தில், எல்லா நோடுகளும் சேர்ந்து காக்கும் பூட்டுக் கணக்கு ஒன்றை வைத்தார்கள். கேபிள் அறுந்து கூட்டம் இரண்டாகப் பிரிந்தால், இரு பாதியும் தாமே முழு என்று எண்ணி எழுதிவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒவ்வொரு நோடுக்கும் வாக்கு அளித்து, பெரும்பான்மை வாக்கு இல்லாத பகுதி கை கட்டி நிற்க வேண்டும் என்று விதித்தார்கள். இரண்டே நோடுகள் உள்ள இடத்தில் பெரும்பான்மை காண்பதெப்படி என்ற சங்கடத்துக்கு, ஒரு டிஸ்குக்கும் வாக்குரிமை கொடுத்துப் பரிகாரம் தேடினார்கள். இந்த விதிகளின் தெளிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுவில் பிறந்து, 2003 டிசம்பரில் ரெட் ஹேட் கைக்கு வந்த ஜி.எஃப்.எஸ்., 2006-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த ஆரக்கிளின் ஓ.சி.எஃப்.எஸ்.2, ஐ.பி.எம்.மின் ஜி.பி.எஃப்.எஸ். ஆகியவை எல்லாம் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. இவற்றின் தொல்லைகள் என்.எஃப்.எஸ்.ஸின் தொல்லைகளுக்கு நேர்மாறானவை. என்.எஃப்.எஸ். காத்திருக்கும், இவை மறுக்கும். பெரும்பான்மை இல்லாவிட்டால் மவுண்ட் இல்லை. பேச்சு நின்ற ஒரு நோடை மின்சாரத்தைத் துண்டித்தாவது விலக்கிவைக்கும் ஏற்பாடு சரியாக இயங்காவிட்டால், உயிரோடிருக்கும் நோடுகளிலும் கோப்பகம் உறைந்துபோகும். ஜி.எஃப்.எஸ்.ஸின் வாரிசான ஜி.எஃப்.எஸ்.2-இல் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு ஜர்னல் வேண்டும். இரண்டு ஜர்னல்களோடு உருவாக்கிய ஃபைல் சிஸ்டத்தை மூன்றாம் நோடு மவுண்ட் செய்ய வந்தால் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படும். க்ளஸ்டரின் பெயர் ஃபைல் சிஸ்டத்திலேயே பதிந்திருப்பதால், பெயரை மாற்றிய பின், இது வேறொரு க்ளஸ்டருக்கு உரியது என்ற மறுப்பு வரும். இத்தகைய மறுப்பைக் கட்டாய மவுண்ட் உபாயங்களால் வென்றுவிட்டதாக மகிழ்கிறவர், இரு நோடுகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே டிஸ்கில் எழுதிய அலங்கோலத்தைப் பின்னால் காண நேரிடும்.

1994-இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 பிராசஸர்களை ஈதர்நெட்டால் பிணைத்துச் செய்த பியோவுல்ஃப், மலிவான க்ளஸ்டரை ஆராய்ச்சிச்சாலைகளுக்கெல்லாம் சுலபமாக்கியது. அவ்வகைக் க்ளஸ்டர்களில் பெரும்பாலானவை ஹோம் கோப்பகங்களை முன்னிலைச் சர்வரிலிருந்து என்.எஃப்.எஸ். மூலமே பகிர்ந்தன. மின்சாரம் போய்த் திரும்பினால் நூற்றுக்கணக்கான நோடுகள் ஒரே நிமிஷத்தில் மவுண்ட்-டியின் வாசலில் வந்து குவியும். ஒவ்வொன்றின் பெயரையும் டி.என்.எஸ்.ஸில் விசாரித்து அனுப்புவதற்குள் பலவற்றின் பொறுமை தீர்ந்துவிடும். நான் தொடக்கத்தில் சொன்ன சில நோடுகளின் பிடிவாதத்துக்கு அநேக சமயங்களில் இந்த நெரிசலே காரணம். நோடுகளைச் சிறு சிறு கூட்டமாக எழுப்பினால் அது நீங்கும். பீட்டர் பிராம் 1999-இல் தொடங்கிய லஸ்டர் என்ற ஃபைல் சிஸ்டம் வேறு வழியில் சென்று, கோப்பின் பெயர் விவரங்களை ஒரு சர்வரிலும் அதன் உள்ளடக்கத்தைப் பல சர்வர்களிலும் பிரித்துவைத்தது. அங்கே மவுண்ட் தவறினால் வரும் செய்தியே ஒரு கேள்வியாக இருக்கும்: நிர்வாகச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறதா? பெரும்பாலும் ஓடாமல்தான் இருக்கும். அதையும் விவரச் சர்வரையும் முதலில் எழுப்பி, உள்ளடக்கச் சர்வர்களை அடுத்து எழுப்பி, கிளையன்டுகளைக் கடைசியில் விட வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் முதலில் பதிப்பிக்கப்பட்டு 2003-இல் திருத்தமாக வெளியான என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பு, பழைய விரதத்தை வெளிப்படையாகக் கைவிட்டது. கோப்பைத் திறப்பதும் மூடுவதும் பூட்டுவதும் நெறிக்குள்ளேயே வந்தன. மவுண்ட்-டியின் வாசலும் போர்ட் மேப்பரும் வேண்டாமற் போய், 2049 ஒன்றே போதுமானதாயிற்று. ஞாபகத்தோடு அதன் விலையும் வந்து சேர்ந்தது. விழுந்து எழுந்த சர்வர், பழையவர்கள் தங்கள் பூட்டுகளைத் திரும்பக் கோருவதற்காகச் சிறிது காலம் புதிதாக எதையும் திறக்கவிடாது; லினக்ஸில் அந்த அவகாசம் வழக்கமாக 90 வினாடி. சர்வர் எழுந்துவிட்டதே, கோப்பு ஏன் திறக்கவில்லை என்று பதறி, அந்த அவகாசத்துக்குள் மறுபடி ரீஸ்டார்ட் செய்கிறவர், அவகாசத்தைத் தாமே முதலிலிருந்து தொடங்கிவைக்கிறார். எண்களுக்குப் பதில் பெயர்களால் மனிதரை அடையாளம் காணும் வழக்கமும் இந்தப் பதிப்பில் புகுந்தது. இரு முனையிலும் டொமைன் பெயர் ஒத்திராவிட்டால், கோப்புகளெல்லாம் ‘நோபடி’ என்பவருக்குச் சொந்தமாகக் காட்சியளிப்பதுண்டு.

இரு பரம்பரைகளும் சந்திக்கும் இடம், இரண்டு சர்வர்கள் ஒரு பொது டிஸ்கை வைத்துக்கொண்டு, ஒன்று விழுந்தால் மற்றொன்று அதே ஐ.பி. முகவரியோடு என்.எஃப்.எஸ். சேவையை ஏற்று நடத்தும் ஏற்பாடு. இன்றைய நிர்வாகிகளின் சங்கடங்களில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. முன் சொன்ன சரித்திரம் முழுவதும் இங்கே கைகொடுக்கிறது. டிவைஸ் எண் இரு சர்வரிலும் ஒன்றாக இருக்குமென்ற நிச்சயம் இல்லாததால், ஃபைல் சிஸ்டத்தின் எண்ணை இரண்டிலும் ஒன்றாகவே எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் கைமாறிய கணமே கிளையன்டுகளில் எல்லாம் ஸ்டேல். பூட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியலும் பொது டிஸ்கிலேயே இருந்து, டிஸ்கோடு கைமாற வேண்டும். இவற்றோடு வரிசைக்கிரமமும் முக்கியம். முதலில் டிஸ்கை மவுண்ட் செய்து, அடுத்து என்.எஃப்.எஸ். சேவையைத் தொடங்கி, பிறகு எக்ஸ்போர்ட்டுகளை அறிவித்து, யாவும் முடிந்த பின்பே ஐ.பி. முகவரியை எழுப்ப வேண்டும். முகவரி முந்திக்கொண்டு எழுந்து, எக்ஸ்போர்ட் தயாராகாத நேரத்தில் கிளையன்டின் கேள்வி வந்து சேர்ந்தால், சர்வர் அந்த ஹேண்டிலை அறியேன் என்று பதில் சொல்லிவிடும். கிளையன்ட் அந்தப் பதிலை நம்பி, கையிலிருக்கும் வேலையைப் பிழையோடு முடித்துக்கொள்ளும். முகவரியே எழாதிருந்தால், ஹார்டு மவுண்ட் செய்த கிளையன்ட் எத்தனை நேரமானாலும் கேட்டுக்கொண்டேயிருந்து, சரியான விடை கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சேவையை இறக்கும்போது இந்த வரிசை தலைகீழாக வேண்டும்: முகவரி முதலிலும், எக்ஸ்போர்ட்டும் சேவையும் அதன் பின்னும், டிஸ்க் கடைசியிலும். மூன்றாம் பதிப்பைப் பேசும் கிளையன்டுகள் இன்னும் மிச்சமிருக்கும் இடங்களில், முகவரி எழுந்த பிறகு, மறுபிறவி அறிவிப்பை அவர்களுக்கு அனுப்பும் காரியம் ஒன்று கூடுதலாக உண்டு.